நிலையில் நிற்கும் திருத்தேர்

ஆண்டுக்கு ஒரு நாள் திருத்தேர் வீதி வலம் வருகிறது. வடம் பிடிக்க ஆயிரம் கைகள் நீளுகின்றன. மற்ற 364 நாட்களும் அது தேர்முட்டியில் தனியே நிற்கிறது. சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் அதன்மீதுதான் விழுகின்றன. அந்த நாட்களில் தேருக்கு என்ன நேர்கிறது என்பதை நானும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க நேர்ந்தது என் சொந்தத் தவற்றினால். அதை இன்று அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2014-இல் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பினேன். கடற்கரையிலிருந்து 6 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர். கோயில் தேர் நிறம் மங்கிச் சாம்பல் பூத்து நின்றது. மனம் பொறுக்கவில்லை. நண்பர்கள் சிலர் கூடி நிதி திரட்டி, அடுத்த ஆண்டே தேர் முழுவதற்கும் பளபளக்கும் வார்னிஷ் பூசச் செய்தோம். முறைப்படி அனுமதி பெற்றோம். அறிந்தவரிடம் ஆலோசனை பெறவில்லை.

பூச்சு வேலை நடந்த நாட்களில், தலைமுறையாகத் தேர்ப் பணி செய்து வந்த முதிய ஆசாரியார் ஒருவர் வந்து பார்த்தார். “மேனேஜர் ஐயா, மரம் இன்னும் ஈரமாயிருக்கு. இதுக்கு மேல சட்டை போட்டு மூடிட்டா, உள்ள புழுங்குமே. காய வச்சு எண்ணெய் ஊட்டுங்க, போதும்” என்றார். “பெரியவரே, காலம் மாறிவிட்டது. இது உயர்ந்த சரக்கு” என்று விடை சொல்லி அனுப்பினேன். அவர் மறுத்துப் பேசாமல் போய்விட்டார்.

அவ்வாண்டுத் திருவிழாவில் தேர் கண்ணாடிபோல் மின்னியது. பாராட்டுகளை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு பூச்சு வெங்காயத் தோல்போல் உரியத் தொடங்கியது. பார் ஒன்றின் முனையில், பூச்சு உரியாத இடத்திலேயே ஒருவர் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தார். கத்தி இரண்டு அங்குலம் தடையின்றி உள்ளே இறங்கிற்று.

அதன் பின்னரே காரணங்களைத் தேடிப் படித்தேன். ஆசாரியாரிடமும் சென்று கேட்டேன்.

மரத்தின் நார்களைப் பிணைத்து நிறுத்துவது லிக்னின் என்னும் பொருள். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. எஞ்சிய நாரே நமக்குச் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இந்தச் சிதைவு மேற்பரப்பில் மெல்லிய அளவே நிகழும். நான் கண்டு வருந்திய சாம்பல் நிறம் தோலின் சுருக்கம், நோயன்று.

உண்மையான நோய் ஈரம். மரம் மழைக்காலத்தில் குறுக்குவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். கடினமான பூச்சினால் அந்த அசைவுக்கு ஈடு கொடுக்க இயலாது. மேலும் நிறமற்ற வார்னிஷ் வெயிலைப் பெரிதும் உள்ளே விட்டுவிடுவதால், பூச்சு பற்றியிருக்கும் மேற்பரப்பே தளர்ந்துவிடுகிறது. மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே மழைநீர் எளிதில் புகுந்துவிடும், எளிதில் வெளியேறாது. மரத்தின் எடையில் ஈரம் சுமார் 20 சதவீதத்திற்குக் கீழ் இருக்குமானால் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் வளராது. எங்கள் தேரின் மரம் முதலிலேயே ஈரமாக இருந்தது. அதன்மேல் பூச்சும் பூசி, அந்த ஈரம் காய்வதற்கிருந்த வழியையும் நாங்களே அடைத்துவிட்டோம்.

மற்றொன்றையும் ஆசாரியார் காட்டினார். வாளால் அறுத்த மரத்தின் முனையில் நீர்க்குழல்கள் வாய் திறந்திருக்கும். பக்கவாட்டைவிட அந்த முனையே பன்மடங்கு நீர் குடிக்கும். பார்களின் முனை, பொருத்துவாய், ஆணித் துளை ஆகியவையே உளுக்கும் இடங்கள். நாங்கள் கண்ணுக்குத் தெரியும் யாளிக்கும் குதிரைக்கும் மூன்று பூச்சுப் பூசினோம். ஒருவர் கண்ணிலும் படாத முனைகளை விட்டுவிட்டோம்.

மணாலி யாத்திரை சென்ற அன்பர்கள் இடும்பி தேவியின் ஆலயத்தைத் தரிசித்திருப்பார்கள். 1553-இல் எழுந்த அக்கோயில் பனியும் மழையும் மாறி மாறித் தாக்கும் தேவதாரு வனத்தின் நடுவே நிற்கிறது. தேவதாரு இயல்பாகவே எண்ணெய்ப் பசையுள்ள மரம். அதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. அடுக்கடுக்கான கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே நீண்டிருக்கிறது. மரத்திற்கு முதற் காப்பு நல்ல நிழலும், நீர் தேங்காத அமைப்பும். பூச்சு அதற்குப் பிற்பட்டதே என்பதை அங்கே காணலாம்.

எங்கள் தேருக்குச் செய்த திருத்தப் பணியையும் சொல்கிறேன். இம்முறை ஸ்தபதியாரைக் கலந்துகொண்டே தொடங்கினோம். உரிந்த பூச்சைக் கையால் சுரண்டி எடுத்தோம். மணல் பீய்ச்சுதல், நீர் பீய்ச்சுதல், காஸ்டிக் சோடாக் கழுவல் ஆகியவற்றை ஸ்தபதியார் அறவே விலக்கினார். மூன்றும் சிற்பத்தின் நுண்மையையும் மரத்தின் நாரையும் கெடுப்பவை. உளுத்த பகுதியை வெட்டியெடுத்து, காய்ந்த இலுப்பை மரத்தில் துண்டு செய்து பொருத்தினார்கள். பின்னர் இரண்டு மாதம் காற்றோட்டமாக உலரவிட்டோம். மாசி மாதத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை ஊட்டினோம். ஒவ்வொரு முறையும் மரம் குடித்தது போக மேலே நின்ற எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுத்துத் தூசி படியும். முனைகளுக்கு மட்டும், மேலும் குடிக்க மறுக்கும்வரை ஊட்டினோம். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து இறுகும். வேப்பெண்ணெய் பூச்சியை விரட்டும்; ஆனால் அவ்வாறு இறுகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தல் கூடாது. காயும்போது அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீரில் அமிழ்த்துங்கள். திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையானதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் காரணம் எதுவாயினும், மரத்தேரின் அருகே நெருப்பு என்பது நினைத்தாலே நடுங்க வைப்பது.

தேரை மூடும் முறையையும் மாற்றினோம். முன்பு பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிவந்தோம்; உள்ளே வியர்த்து நீர் சொட்டும். இப்பொழுது மேலே கூரை. பக்கங்களில் காற்றுக்கு வழி. சக்கரங்கள் கருங்கல்லின்மீது நிற்கின்றன. மண்ணைத் தொடாத மரத்தில் கறையான் ஏறுவது கடினம். ஏறினாலும் அதன் மண்தடம் கண்ணில் பட்டுவிடும்.

முதற் பணிக்கு ஆன செலவைவிட, அதைச் சரிசெய்ய ஆன செலவு மூன்று மடங்கு. மற்றவர்களிடம் மீண்டும் கை நீட்ட மனமில்லாமல், பெரும்பகுதியை என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்தே செலுத்தினேன். அது எனக்குத் துன்பமாகத் தோன்றவில்லை. முதியவரின் சொல்லைக் கேளாமல் அனுப்பியதே உறுத்திற்று. அதை அவரிடம் சொன்னபோது, “விடுங்க ஐயா. மரம் மன்னிச்சிடுச்சு, பாருங்க” என்று புது மரத்தைத் தட்டிக் காட்டினார்.

அன்பர்கள் இல்லத்திலும் ஒரு தேர் உண்டு. அதுதான் தலைவாசற் கதவு. நாள்தோறும் நீர் தெளித்துக் கோலமிடுகிறோம். அந்நீர் கதவின் அடிவிளிம்பில்தான் தெறிக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த அடிவிளிம்புக்குப் பூச்சே இராது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கதவின்மீது ஒரு சொட்டு நீர் விடுங்கள். முத்தாக நின்றால் காப்பு இருக்கிறது. சில நிமிடங்களில் மரம் உறிஞ்சிக்கொண்டால் பராமரிக்கும் காலம் வந்துவிட்டது. மேற்கு வெயில் படும் கதவாயின் நிறமற்ற வார்னிஷைவிட நிறமுள்ள பெயிண்ட் நன்று. அதிலுள்ள நிறப்பொடி வெயிலைத் தடுத்து நிறுத்தும். எதைப் பூசினாலும் மரம் நன்கு காய்ந்த பின்னரே பூசுங்கள்.

இப்பொழுது ஆண்டுதோறும் மாசியில் நாங்கள் 12 பேர் கூடித் தேருக்கு எண்ணெய் ஊட்டுகிறோம். ஒரு பகற்பொழுது வேலைதான், செலவும் சிறிது. தவணை தவறாமல் செலுத்துபவருக்கு அபராதம் ஏது? உங்கள் ஊர்த் தேர் எவ்வாறு நிற்கிறது என்று, திருவிழா இல்லாத ஒரு நாளில் சென்று பாருங்கள். முதலில் பார்களின் முனைகளைப் பாருங்கள்.