கடலில் வேலி உண்டு, காவல் எங்கே?

மருதனார்மடச் சந்தியைக் கடந்து எத்திசையில் நடந்தாலும் செம்மண் தோட்டங்களையும் அவற்றைச் சூழ்ந்த வேலிகளையும் காணலாம். மதிலும் தகரமும் வந்துவிட்ட இந்நாளிலும், கதியால் நட்டுப் பனையோலை வரிந்து எல்லை காத்த வழக்கத்தை நாம் மறந்தோமில்லை. ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறைக் கணக்கில் நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்கள் எமது குடாநாட்டில் எத்தனை! நிலத்தின் எல்லையை உயிராக மதிக்கும் நாம், எமது கடலின் எல்லை வாரந்தோறும் மிதிபடுவதைப் பார்த்தும் வாளாவிருப்பது முறையா?

"தோட்டக்காரனுக்குக் கடற்கரையில் என்ன வேலை?" என்று சிலர் கேட்பர். மயிலிட்டியிலும் மாதகலிலும் வலைகள் கரையிற் காய்ந்தால், எமது சந்தையிலே மரக்கறி வாடும். கடற்றொழிலாளர் கையிற் காசில்லாத கிழமையில் வெங்காயத்துக்கும் கத்தரிக்காய்க்கும் விலை ஏது? கடலும் தோட்டமும் ஒரே வீட்டின் இரு அறைகள். ஓர் அறையிற் புகுந்த கள்வன் மற்ற அறையைத் தொடமாட்டான் என்று நம்புவது பேதைமை.

தமிழ்நாட்டில் இழுவைப் படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப் படகுகள் ஏனைய நாள்களிலும் தொழில் செய்வது நெடுங்கால ஏற்பாடு. அந்த மூன்று இரவுகளும் வடபுலத்துச் சிறு படகுக்காரருக்கு அச்சத்தின் இரவுகள். கடன்பட்டு வாங்கிய வலையை இழுவைப் படகு ஒரே வீச்சில் அறுத்துச் செல்லும். அடிமடியோ கடலின் அடித்தளத்தையே வழித்து, குஞ்சையும் முட்டையையும் அள்ளிச் செல்லும். இதற்கு அஞ்சிக் கரையில் இருப்பவருக்கு அன்றைய உலையில் அரிசி இல்லை.

இந்தக் கடலுக்கு எல்லை இல்லையா? உண்டு. 1974-இல் இலங்கையும் இந்தியாவும் பாக்கு நீரிணையில் ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்து எல்லை வகுத்தன. 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் அந்த எல்லை நீட்டப்பட்டது. ஒரு நாட்டின் படகு மற்ற நாட்டின் கடலில் அனுமதியின்றி மீன்பிடித்தல் ஆகாது என அவ்வாண்டே இரு அரசுகளும் எழுத்தில் உடன்பட்டன. கோடு வரைந்தபோது கரையோர மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. வரைந்த கோட்டையாவது காத்தார்களா என்பதே இன்றைய கேள்வி.

"நடுக்கடலில் கோடு தெரியுமா? காற்றும் நீரோட்டமும் தள்ளிவிட்டன" என்பது எல்லை தாண்டுவோர் சார்பில் வழமையாகக் கூறப்படும் சமாதானம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதற்கு ஓரளவு நியாயம் இருந்திருக்கலாம். இன்று அணுவளவும் இல்லை. ஏன் என்பதை விளக்குவோம்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் 24-க்குக் குறையாத ஜி.பி.எஸ். செய்மதிகள் வலம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. அவை ஓயாது நேரத்தை அறிவிக்கின்றன. அந்த ஒலிபரப்பு எவ்வளவு பிந்தி வந்தது என்பதைக் கொண்டு கருவி தூரத்தைக் கணிக்கும். நான்கு செய்மதிகளின் சேதி கிடைத்தால், தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் சொல்லிவிடும். இந்த நுட்பத்தை அமெரிக்கா 2000 மே மாதத்திலிருந்து பொதுமக்களுக்கும் தடையின்றித் திறந்துவிட்டது.

இடம் தெரிந்தபின் வேலி போடுவது எளிது. எல்லையின் மூலைப் புள்ளிகளைக் கருவியிலோ அலுவலகக் கணினியிலோ பதிந்துவிட்டால், அதுவே கதியால் இல்லாத வேலி, புவிவேலி என்பர். ஒரு காணியைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டியதாகக் கொள்வோம். நிற்கும் இடத்திலிருந்து ஒரு திசையில் நேர்கோடு நீட்டினால், அது கயிற்றை ஒற்றைப்பட வெட்டுமாயின் நாம் உள்ளே. இரட்டைப்பட வெட்டினும் வெட்டாது போயினும் வெளியே. இந்தக் கணக்கைக் கருவி இடைவிடாது செய்கிறது. விடை மாறிய கணமே மணி அடிக்கும். நேரமும் இடமும் ஏட்டில் ஏறும். பாரவண்டி வழிமாறினால் முதலாளிக்கும், கழுத்துப் பட்டை அணிந்த மாடு மேய்ச்சல் நிலத்தைத் தாண்டினால் பண்ணையாருக்கும் சேதி போவது இவ்வாறே. கைப்பேசியின் சில மீற்றர் பிழையோடு அயலவரின் வேலி வழக்கைத் தீர்க்க முடியாதுதான். நில அளவையாளர் வேண்டும். ஆனால், எல்லைக்கு அப்பால் பல மைல் வந்து வலை இழுப்பவருக்கு அந்தப் பிழை சாக்காகுமா?

இந்தக் கருவி அரசுகளுக்குப் புதிதன்று. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தது. உடனே கொழும்பு விழித்தது. ஆழ்கடற் படகுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி ஏறியது. 2016-இல் தடை நீங்கியது. ஐரோப்பியச் சந்தை மூடினால் ஓராண்டில் பிறக்கும் சுறுசுறுப்பு, வடபுலத்து வலை ஆண்டாண்டாக அறுபடும்போது எங்கே ஒளிந்துகொள்கிறது? கேட்கின்றோம்!

டில்லியும் தப்ப முடியாது. எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் கருவிகளை 1,00,000 மீன்பிடிப் படகுகளுக்கு வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடக்கி வைத்தது. நன்று. ஆனால் மணி அடிப்பது யாருக்காக? படகோட்டியின் காதுக்கு மட்டுமாயின் அது கோயில் மணி. கேட்டுவிட்டு வலையை இறக்கலாம். அடிமடித் தொழிலை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதாக 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடிச் சொன்ன சொல் என்னவாயிற்று?

ஒன்றைத் தெளிவாகச் சொல்வோம். இராமேசுவரத்திலிருந்து கூலிக்கு வரும் தொழிலாளி எமது பகைவனல்லன். எம் மொழி பேசும் ஏழை. அவனைச் சுடுவதும் சிறையில் வாட்டுவதும் தீர்வாகா. படகின் சொந்தக்காரரோ கரையில் நிழலில் இருக்கின்றார். கருவியின் ஏடு அவரையே சுட்டும். மேலும், 2017-இல் சட்டம் தடை செய்த இழுவைமடியை எமது துறைகளிலும் சிலர் இழுத்ததை மறைப்பது அறமன்று. பிறன் செய்தால் களவு, நம்மவன் செய்தால் பிழைப்பா?

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. எல்லை தாண்டியதைக் காட்டும் பதிவுகளை இரு அரசுகளும் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ள வேண்டும். கருவியை அணைத்தவன் எல்லை தாண்டியவனாகவே கருதப்பட வேண்டும். இருட்டில் விளக்கணைப்பவன் எதற்கு அணைக்கிறான் என்பது உலகறிந்தது. தண்டனை சொந்தக்காரரின் அனுமதிப்பத்திரத்திலும் வரிவிலக்கு டீசலிலும் விழ வேண்டும். அந்தப் பதிவுகள் கொழும்பின் அலுமாரியில் உறங்காது, வடபுலக் கடற்றொழிலாளர் சங்கங்களின் பார்வைக்கு வர வேண்டும்.

வழக்கறிஞரே, ஆசிரியரே, பொறியியலாளரே, தோட்டத் தோழரே! கைப்பற்றிய படகுகள் மயிலிட்டித் துறையில் உக்கிக் கிடந்ததைக் கண்டு வெற்றியென மயங்க வேண்டாம். உக்கிய படகு அறுந்த வலையைத் தைத்துத் தராது. வேலி போடும் வித்தை கைக்கு வந்துவிட்டது. காவலிருக்கும் மனம்தான் வரவில்லை. அந்த மனத்தை வரவழைப்பது எமது குரலின் கடமை. உங்கள் ஊர்ச் சங்கம் அடுத்து கூடும் நாளிலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, கடற்றொழில் அமைச்சுக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் அனுப்புங்கள். தன் வேலியைத் தான் காவாதவனுக்குப் பயிரும் இல்லை, பாடும் இல்லை.