பிறக்காத மீனுக்குக் கணக்கு எங்கே?

ஏப்ரல் 15 பிறந்தால் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகக்கூடாது. சர்க்கார் உத்தரவு!

எதற்கு? மீன் இனம் பெருக வேண்டும். சினை மீனையெல்லாம் அள்ளிவிட்டால் நாளைக்கு வலையில் என்ன விழும்? 2001-ல் 45 நாளாக வந்த தடை, 2017-ல் 61 நாளாக நீண்டது. மீனவர்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி. படகுக்கு லீவு விட்டாச்சு, கழிவுக்கு லீவு உண்டா?

77.45 மார்க்!

கடலூர் – சிதம்பரம் சாலையில் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள். பக்கத்திலேயே உப்பனாறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்து, படுமோசமாக மாசுபட்ட 43 இடங்களுக்குப் பட்டியல் போட்டது. அதில் கடலூருக்கு 100-க்கு 77.45 மார்க். பள்ளிக்கூடத்தில் வாங்கினால் மிட்டாய் கொடுக்கலாம். இந்தப் பரீட்சையில் மார்க் ஏற ஏற ஆபத்து!

உப்பனாற்றுச் சேற்றில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல தடவை அளந்து எழுதிவிட்டார்கள். ஊர்ச் சாக்கடைக்கும் இதில் பங்கு உண்டு. குப்பை மக்கும், உலோகம் மக்காது. சேற்றிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து மீனுக்கு என்று ஏறிக்கொண்டே போகும். மடவைக் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் அந்தக் கழிமுகம்தான் தொட்டில்.

சாகாது... ஆனால்?

மீன் செத்து மிதந்தால் ஊர் கூடும். அதிகாரி ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போவார். ஆனால் மீனைக் கொல்லாமலே அதன் வம்சத்தைக் குறைக்கிற வித்தை கன உலோகத்துக்குத் தெரியும்.

மீன் சினை பிடிப்பது எப்படி? மூளை உத்தரவு போடும். அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனை அனுப்பும். அது வந்ததும் சினைப்பை ஈஸ்ட்ரடியால் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்கும். அந்தத் தகவல் போனதும் ஈரல், முட்டைக் கருவுக்கு வேண்டிய சத்தைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்பும். தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரிதான். ஒரு மேஜையில் நின்றுவிட்டால் போதும், காரியம் நடக்காது!

காட்மியமும் ஈயமும் பாதரசமும் இந்த மேஜைகளில்தான் குழப்பம் செய்கின்றன. அமெரிக்காவில் 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. பாதரசம் சேர்ந்த தீனியைச் சிறு மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டையிட்ட மீன்கள் குறைந்தன, முட்டையிடும் நாளும் தள்ளிப்போனது. மறுவருஷ ஆய்வில் ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் இரண்டுமே சரிந்திருந்தது தெரிந்தது.

செத்த மீன் நாறும், ஊருக்குத் தெரியும். பிறக்காத மீன் நாறுமா? வலை லேசாக வரும், அவ்வளவுதான். பழி மீனவன் தலையில் விழும்: "அதிகமாகப் பிடித்துவிட்டான்!"

என்ன செய்யலாம்?

தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது. சேற்றைச் சோதிக்க வேண்டும். சினைப் பருவத்தில் உப்பனாற்று மீனின் ஈரலையும் ஹார்மோனையும் சோதிக்க வேண்டும். 'ஆளில்லை' என்று கையை விரிக்க முடியாது. இதே மாவட்டத்தில், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது.

வருஷா வருஷம் தடைக்காலம் தொடங்கும் முன்பே, சோதனை முடிவைத் தமிழில் எழுதி கலெக்டர் ஆபீஸ் போர்டில் ஒட்டட்டும். மீனவரும் படிக்கட்டும், மீன் வாங்குகிறவரும் படிக்கட்டும், தொழிற்சாலைக்காரரும் படிக்கட்டும்.

61 நாள் படகைக் கட்டிவைக்கத் தெரிந்த சர்க்காருக்கு, 365 நாளும் கழிவைக் கட்டிவைக்கத் தெரியாதா?