கதவைச் சாத்தினது யாரு?

2011ல அமெரிக்காவோட என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் கிட்டத்தட்ட ஊத்திக்க இருந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்கா? அந்தப் பேச்சு வந்தாலே, "கோடி கோடியா வாங்குறவனுங்க ஸ்ட்ரைக் பண்ணானுங்க"ன்னு ஒரு நண்பர் ஆரம்பிச்சிடுவார்.

ஸ்ட்ரைக்கே இல்லைங்க அது. லாக்கவுட். மில்லுல கதவடைப்புன்னு சொல்வோமே, அதே தான். ஜூலை 1ம் தேதி கதவைச் சாத்தினவங்க அணி முதலாளிங்க. சண்டை வருமானப் பங்குக்கு. 57 சதவீதம் வாங்கிட்டிருந்த ஆட்டக்காரர்கள், 161 நாள் கழிச்சு ஏறக்குறைய பாதிக்கு ஒத்துக்கிட்டாங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் முதல் ஆட்டம். அணிக்கு 82 ஆட்டம்ங்கிறது 66 ஆச்சு.

அதாவது ஒவ்வொரு அணிக்கும் சொந்த ஊர்ல 8 ஆட்டம் போச்சு. ஆட்டக்காரங்க தாங்கிக்குவாங்க. முதலாளிகளும் தான். ஆனா அரங்கத்துல பாப்கார்ன் விக்கிறவர், டிக்கெட் பார்க்கிறவர், கார் நிறுத்த வழி காட்டுறவர்? ஆட்டம் நடந்தாத்தானே அவங்களுக்குக் கூலி! பேச்சுவார்த்தை மேசையில அவங்களுக்கு நாற்காலியே கிடையாது.

என்னைக் கேட்டா, கதவைச் சாத்துறவங்க இவங்களோட அந்த 8 நாள் கூலியை முதல்ல எடுத்து வெச்சிட்டு அப்புறம் சாத்தணும். நீங்க என்ன சொல்றீங்க?