கட்டை அவிழ்த்து விட்டிருந்தால்...

குடும்பம் என்னும் சிறு கோவிலில் மனிதர் மட்டும் குடியிருப்பதில்லை. முற்றத்தில் கோழி, அடுக்களை வாயிலில் பூனை, படலோரம் நாய், கூண்டில் இரு சிறு பறவைகள் என வாய்பேசா உயிர்களும் நம்மோடு உண்டு, நம்மோடு உறங்கி, நம் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்கின்றன. அவற்றின் ஆயுளோ குறுகியது. ஆகவே குழந்தைகள் பலர் சாவின் முகத்தை முதன்முதலாகக் காண்பது, அட்டைப் பெட்டிக்குள் விறைத்துக் கிடக்கும் ஒரு குஞ்சிடமோ குட்டியிடமோதான்.

அவ்வேளையில் பிள்ளை சிந்தும் கண்ணீரைப் பெரியோராகிய நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அக்கண்ணீருக்குள் மறைந்திருக்கும் மற்றொன்றை நாம் காண்பதேயில்லை. அதுதான் 'என்னால் செத்தது' என்னும் குற்ற உணர்வு. அதைப்பற்றி இத்திங்கள் சற்றே சிந்திப்போம்.

நம் பகுதி மக்களுக்கு இது புதிய செய்தியன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நாம் மறக்க இயலுமா? ஆறுமுகநேரியை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையையும் மிஞ்சியது அது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, உப்பளங்கள் நீரில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து ஆறுமுகநேரி வழியாகச் சென்னை நோக்கிப் புறப்பட்ட இரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கைக்குழந்தைகளையும் முதியோரையும் சுமந்துகொண்டு, மார்பளவு நீரில் மேட்டை நாடிச் சென்ற குடும்பங்கள் பல. கட்டியிருந்த நாயையும், பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த கோழியையும் நினைக்க அந்நேரத்தில் யாருக்கு ஓய்வு இருந்தது?

வெள்ளம் வடிந்தபோது மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கான ஆடுமாடுகளும் கோழிகளும் மாண்டு கிடந்தன. கால்நடை இழந்தோருக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அது வேண்டிய உதவியே. ஆனால், 'கட்டை அவிழ்த்து விட்டிருந்தால் நீந்திப் பிழைத்திருக்குமே' என்று ஒரு சிறுவன் தன் நெஞ்சுக்குள் புழுங்குவானாயின், அதற்கு எந்த அலுவலகத்தில் மனு எழுதுவது?

இத்தகைய புழுக்கத்துக்குப் பெருவெள்ளம்தான் வரவேண்டும் என்பதில்லை. கோடை வெயிலில் தகரக் கூரையின்கீழ் வைத்த முயல் ஒரே பிற்பகலில் துவண்டு சாகிறது. முயலுக்கு நம்மைப்போல் வியர்த்துக் குளிரும் உடலமைப்பு இல்லை. கூண்டுப் பறவை நேற்று மாலைவரை கூவிக்கொண்டிருந்தது. இன்று காலை தரையில் கிடக்கிறது. சிறு பறவைகள் தம் நோயை இறுதிவரை மறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. நலிந்தது முதலில் இரையாகும் என்பதால் இயற்கை அவற்றுக்குத் தந்த தற்காப்பு அது. வெள்ளைக்கழிச்சல் கண்ட கோழிகளோ சில நாள்களுக்குள் கூண்டோடு மடிகின்றன. தடுப்பு மருந்து உண்டேயன்றி, கண்டபின் தீர்க்கும் மருந்து இல்லை. காய்ச்சலாய்க் கிடக்கும் பூனைக்கு இரக்கத்தோடு ஊட்டப்படும் பாராசிட்டமால் மாத்திரையே அதன் உயிரைக் குடித்துவிடுகிறது. மனிதருக்கு நலம் தரும் அம்மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே சொல்தான் மிஞ்சுகிறது: 'இருந்தால்'. நிழலில் வைத்திருந்தால், முன்பே கண்டிருந்தால், கதவைச் சாத்தியிருந்தால்.

இச்சொல் பெத்தானியாவிலும் ஒலித்தது. இலாசர் இறந்த நான்காம் நாள் ஆண்டவர் அவ்வூரை அணுகியபோது, மார்த்தா அவரிடம் சொன்னதும், பின்னர் வந்த மரியா சொன்னதும் ஒன்றே: ஆண்டவர் அங்கு இருந்திருந்தால் தம் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்பதே. அன்பு நிறைந்த நெஞ்சு இழப்பைச் சந்திக்கும்போது தானாகவே எழுப்பும் ஓலம் அது. ஆண்டவர் அதைக் கண்டிக்கவில்லை. அவர் கண்ணீர் விட்டார். துயருறுவோர் முன்னிலையில் நாம் முதலில் செய்யவேண்டியது எது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

'மனிதச் சாவு வேறு, கோழிக்குஞ்சின் சாவு வேறல்லவா?' எனச் சிலர் கேட்கலாம். ஐயமின்றி வேறுதான். மனிதருக்கு உரிய அன்பை விலங்குக்குத் திருப்பிவிடலாகாது என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகவே கூறுகிறது. அதே நூல், விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றின்பால் நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள், அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்றும் போதிக்கிறது. தாவீது அரசரைத் திருத்த வந்த நாத்தான் இறைவாக்கினர் எடுத்துக்கொண்ட கதையையும் எண்ணிப் பாருங்கள். ஏழை ஒருவனின் ஒரே பெண்ணாட்டுக்குட்டி. அவன் பிள்ளைகளோடு வளர்ந்து, அவன் உணவில் உண்டு, அவன் மடியில் உறங்கி, அவனுக்கு மகளைப்போல் இருந்தது. செல்வன் ஒருவன் அதைப் பறித்துத் தன் விருந்தினனுக்குச் சமைத்துவிட்டான். கேட்ட அரசரின் சினம் பொங்கியது. ஆட்டுக்குட்டிக்காக அழும் ஏழை, மறைநூலில் நகைப்புக்குரியவன் ஆகவில்லை.

இக்கதையில் குற்றம் யாருடையது? குட்டியை வளர்த்தவனுடையதன்று. ஆயினும் அன்றிரவு, 'நான் அதைக் கைக்குள் வைத்திருந்தால்' என்று அவன் தன்னையே நொந்திருக்கமாட்டானா? மாறாக, உண்மையாகவே குற்றம் புரிந்த தாவீதோ, நாத்தான் சொல்லும்வரை எந்த உறுத்தலுமின்றி இருந்தார். குற்றமுள்ள இடத்தில் உணர்வு இல்லை. உணர்வுள்ள இடத்தில் குற்றம் இல்லை! குற்ற உணர்வு வேறு, குற்றம் வேறு என்பதை இதனினும் தெளிவாக எவர் விளக்க முடியும்?

இவ்விரண்டையும் பிரித்தறிய நாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கற்ற பாடமே போதும். சாவான பாவத்துக்கு மூன்று வேண்டும் என்று மனப்பாடமாய் ஒப்பித்தோம் அல்லவா? கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். செல்லப்பிராணியின் சாவைச் சாவான பாவத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஆனால் தன்னையே தண்டித்துக்கொள்ளும் நெஞ்சுக்கு அப்பாடத்தின் அளவுகோல் பேருதவி புரியும். இப்படி நேரும் என்று அன்று எனக்குத் தெரியுமா? தெரிந்தும் தடுக்காமல் இருந்தேனா? தடுக்க என்னால் இயன்றதா?

வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கியவனின் கைகள் இரண்டுதான், அவனால் இயலவில்லை. பூனைக்கு மாத்திரை கொடுத்த தாய் அறியவில்லை. இவ்விருவருக்கும் உள்ளது துயரம் மட்டுமே. அதற்கு மன்னிப்பு தேவையில்லை, ஆறுதலே தேவை. பொழுது விடிந்தபின் கிடைத்த அறிவைக் கொண்டு முந்தின இரவின்மேல் தீர்ப்பு எழுதுவது நீதியாகாது.

மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. தண்ணீர் வைக்க மறந்தோம். தடுப்பூசிக்கு நாள் கடத்தினோம். விளையாட்டாய் எண்ணித் துன்புறுத்தினோம். அவ்விடத்தில், 'பரவாயில்லை, விடு' என்று பூசி மெழுகுவது அன்பாகாது. 'ஆம், அது தவறுதான்' என்று ஒத்துக்கொள்ளும் துணிவை வளர்க்க வேண்டும். மனத்துயர், அறிக்கை, இனிச் செய்வதில்லை என்னும் உறுதி, பரிகாரம் என்னும் வழியைத் திருச்சபை நமக்குக் காட்டியிருக்கிறதே! அவ்வழியில் நடந்தவனுக்கு மன்னிப்பு உண்டு. மன்னிக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் தோண்டியெடுப்பது தாழ்ச்சியன்று. அது நெஞ்சை அரிக்கும் நோய். மன்ரேசா ஊரில் புனித இஞ்ஞாசியார் பட்ட பாடும் அதுவே. அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி எண்ணி அவர் உயிரையே வெறுக்கும் நிலைக்குச் சென்று, பின்னரே இறையருளால் விடுதலை பெற்றார்.

அன்புப் பெற்றோரே, இனி நம் பிள்ளைகளிடம் வருவோம்.

முதலாவதாக, பொய் சொல்லலாகாது. 'நாய்க்குட்டி எங்கோ ஓடிப்போயிற்று' என்றால், அது தன்னை வெறுத்துப் போனதாகப் பிள்ளை எண்ணும். 'செத்துவிட்டது, இனி அது எழாது, அதற்கு வலியும் இல்லை' என்று அமைதியாகச் சொல்லுங்கள். இரண்டாவதாக, 'உன்னால் என்று நினைக்கிறாயா?' என்று நீங்களே கேளுங்கள். கேளாதவரை பிள்ளை வாய் திறவாது. கோபத்தில் 'ஒழிந்து போ' என்று அதை ஏசியிருந்தால், அந்தச் சொல்லே கொன்றதாகச் சிறு உள்ளம் நம்பக்கூடும். மூன்றாவதாக, மறுநாளே வேறொன்றை வாங்கிக் கொடுத்து அழுகையை அடைக்காதீர்கள். உயிர், கடையில் மாற்றிக்கொள்ளும் பொருள் என்னும் பாடத்தை அது கற்பித்துவிடும். கொல்லையில் ஒரு குழி தோண்டி, பிள்ளையின் கையாலேயே மண் தள்ளச் செய்து, அவ்வுயிரைத் தந்த இறைவனுக்கு நன்றி கூறி, அவ்விடத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றுவது எவ்வளவோ மேல்.

'அது மோட்சத்துக்குப் போகுமா?' என்று பிள்ளை கேட்கும். அறிந்ததற்கு மேல் நாம் சொல்லவேண்டாம். காசு இரண்டுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவிகளில் ஒன்றையும் இறைவன் மறப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், நிறைவாழ்வில் படைப்பு ஒவ்வொன்றும் ஒளிபெற்றுத் தனக்குரிய இடத்தைக் கொள்ளும் என எழுதினார். 'இறைவன் அதை மறக்கமாட்டார்' என்னும் விடை பொய்யற்றது, பிள்ளைக்கும் போதுமானது.

முதியோரை மறந்துவிடலாகாது. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் ஒரு பூனையோடு பேசிப் பொழுது கழிக்கும் விதவைத் தாய்க்கு, அப்பூனையின் சாவு கணவரின் சாவையே மீண்டும் திறந்து காட்டக்கூடும். நகைக்காமல் சென்று அருகே அமருங்கள். வாரங்கள் கடந்தும் உணவும் உறக்கமும் இன்றித் தம்மையே பழித்துக்கொண்டிருப்பாராயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 முதல் இயங்கும் 14416 என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியையும் நாடலாம்.

இறுதியாக, பரிகாரம். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். மழை எச்சரிக்கை கேட்டவுடன் நாயின் கட்டை அவிழ்ப்பதும், கூண்டை உயரத்தில் ஏற்றுவதும், கோழியைப் பஞ்சாரத்துக்கு வெளியே விடுவதும் யார் பொறுப்பு என்று வீட்டில் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அப்பொறுப்பை, அன்று 'அவிழ்த்து விட்டிருந்தால்' என்று புழுங்கிய அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். அவன் ஓர் உயிரைக் காக்கும் நாளில், நெஞ்சில் இறுகிக் கிடந்த கட்டும் அவிழும்.