படத்தினும் உயிர் பெரிது

காட்டுயிர்களை ஒளிப்படம் எடுப்பது இன்று இளைஞர் பலரின் விருப்பப் பொழுதுபோக்காகத் திகழ்கிறது. துப்பாக்கியுடன் காடு புகுந்த காலம் மாறி, ஒளிப்படக் கருவியுடன் செல்லும் காலம் வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், நல்ல படத்தின்மீது கொள்ளும் வேட்கையும் வேட்டையாக மாறிவிடக்கூடும்.

கூட்டிலுள்ள குஞ்சுகளைப் படமெடுக்கச் சிலர் மறைக்கும் கிளையை ஒடிக்கின்றனர். மிக அருகில் செல்கின்றனர். அஞ்சிய தாய்ப்பறவை கூட்டைவிட்டு அகல்கிறது. நிழலிழந்த குஞ்சுகள் வெயிலில் வாடுகின்றன. காகத்தின் கண்ணிலும் எளிதில் படுகின்றன. படம் அழகாக அமையலாம்; கூட்டில் உயிர் எஞ்சாமற் போகலாம்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996), காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிவு செய்தவர். இயற்கை குறித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். உயிர்களின் இயல்பை நெடுநாள் உற்றுநோக்கிப் பெற்ற அறிவே அவர் படங்களுக்கு மதிப்பளித்தது. இக்கலைக்குக் கருவியினும் பொறுமையே முதன்மையானது.

பொறுமையோடு விட்டுக்கொடுத்தலும் வேண்டும். வேடந்தாங்கல் ஊர்மக்கள், ஏரியில் தங்கும் பறவைகளின் அமைதிக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். ஊரே தன் கொண்டாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, ஒருவர் ஒரு படத்தை விட்டுக்கொடுக்கத் தயங்கலாமா? பறவை அஞ்சும் எல்லைக்கு முன்பே நின்றுவிடுபவரே சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் ஆவார்.