‘ஒஸ்ஸெர்வாந்தே’

‘லொஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ’ என்னும் வத்திக்கான் இதழின் பெயரை நம் வாசகர் பலர் அறிவர். 1861-ஆம் ஆண்டு தொடங்கிய அவ்விதழின் பெயருக்கு ‘உரோமைப் பார்வையாளர்’ என்று பொருள். அதே வேரினின்று கிளைத்த ‘ஒஸ்ஸெர்வாந்தே’ என்னும் இத்தாலியப் பெயரடையையும் ‘கூர்ந்து நோக்கும்’ என்று கொள்வோர் உளர். ஆங்கிலப் பழக்கத்தால் நேர்வது இது. கூரிய பார்வையுடையவரை இத்தாலியர் ‘நல்ல ஒஸ்ஸெர்வாத்தோரே’ என்பர், ‘ஒஸ்ஸெர்வாந்தே’ என்னார். இச்சொல் சட்டத்தையோ மறைநெறியையோ வழுவாது கடைப்பிடிப்பவருக்கே உரியது. ஓய்வுநாளையும் உணவுவிதிகளையும் பேணும் யூதர் ‘எப்ரேயோ ஒஸ்ஸெர்வாந்தே’ எனப்படுவார். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது செல்லும் கத்தோலிக்கரையோ ‘பிராத்திக்காந்தே’ என்பதே பெருவழக்கு.

ஒரு துறவற இயக்கத்திற்கே இப்பெயரடை பெயராயிற்று. புனித பிரான்சிசின் ஒழுங்கை முதலிருந்த கண்டிப்புடன் காக்க விரும்பியோர், 1368-ஆம் ஆண்டில் பொலிஞ்ஞோவை அடுத்த புரொல்யானோ மலைக்குடிலில் தொடங்கிய இயக்கம் அது. சியன்னா நகரப் புனித பெர்னார்தீன் இவர்களுள் ஒருவர். 1517-இல் திருத்தந்தை பத்தாம் லியோ இவர்களைக் ‘கொன்வெந்துவாலி’ சபையாரினின்று பிரித்தார். 1897-இல் பதின்மூன்றாம் லியோ, இவர்களையும் வேறு சில கிளையினரையும் ஒருங்கிணைத்தபோது அடைமொழி நீங்கிற்று. ‘சிறு சகோதரர்’ என்னும் பெயரே எஞ்சியது. அடைமொழி போனதில் நமக்கு வருத்தமில்லை. ஒருவர் தம்மை ‘ஒழுங்கைக் காப்பவர்’ என்று அழைத்துக்கொண்டால், அடுத்திருப்பவர் யாராகிறார்?

இவ்வினாவுக்கு இச்சொல்லின் வேரிலேயே இடமுண்டு. ‘ஒப்செர்வாரே’ என்னும் இலத்தீன் வினைக்குக் கட்டளையைக் காத்தல், கண்காணித்தல் ஆகிய இருபொருளும் உள. புனித மாற்கு மூன்றாம் அதிகாரத்தில், கை சூம்பியவனை ஓய்வுநாளில் இயேசு குணமாக்குவாரோ என்று சிலர் தொழுகைக் கூடத்தில் உற்று நோக்கிக்கொண்டிருந்தனர். குற்றம் சாட்டவே நோக்கினர். இலத்தீன் மொழிபெயர்ப்பு அங்கு ஆளுவது இவ்வினையையே. ஓய்வுநாளைக் காப்பதில் அவர்களிடம் குறையில்லை. அந்த ஓய்வுநாளிலேயே வெளியே சென்று, ஏரோதியரோடு கூடி, அவரை ஒழிக்க ஆலோசித்தனர் என்கிறார் நற்செய்தியாளர். கோவிலில் யார் நற்கருணை வாங்கவில்லை, எவர் மகள் எங்கு அமர்ந்தாள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம் பெரியோர் அவ்வதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

புனித லூக்கா பதினேழாம் அதிகாரத்தில், இறையாட்சி எப்போது வரும் என்று கேட்ட பரிசேயருக்கு ஆண்டவர் தந்த மறுமொழியிலும் இவ்வேர் வருகிறது: இறையாட்சி ‘ஒப்செர்வாத்சியோ’வால் வருவதில்லை. வானத்து அறிகுறிகளைப் பார்த்திருத்தலைச் சொன்னார் என்பர் பெரும்பாலான உரையாசிரியர். சட்டங்களைக் கடைப்பிடித்தலைச் சொன்னார் என்பாரும் உளர். கேட்டவர் பரிசேயர் என்பதால் பின்னதையும் எளிதில் தள்ள நமக்கு மனமில்லை.