புது லேப்டாப் கேட்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்க

லேப்டாப்பை ஆன் பண்ணிவிட்டு, மெஸ்ஸுக்குப் போய் டீ குடித்துத் திரும்பி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்கும் பழக்கமான காட்சிதான். இரண்டாம் வருஷம் முழுக்க என் கதை இதுதான். 'ரொம்ப ஸ்லோப்பா, புதுசு வாங்கணும்' என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்து, 'எவ்வளவுடா ஆகும்? வளையலை வச்சுப் பார்க்கலாம்' என்றார். அதற்குப் பிறகுதான் இந்த மெஷினுக்கு உண்மையில் என்ன கோளாறு என்று பார்க்கவே எனக்குத் தோன்றியது. படிக்கிறது கம்ப்யூட்டர் சயின்ஸ்!

மெமரி ஹைரார்க்கி நாம் எல்லோரும் எழுதிய கேள்வி. முக்கோணம் போட்டு, உச்சியில் ரிஜிஸ்டர், அப்புறம் கேஷ், ராம், அடியில் ஹார்டு டிஸ்க் என்று எழுதி 13 மார்க் வாங்கியிருப்போம். அதே முக்கோணம் நம் மடியில் சூடாகிக்கொண்டிருப்பது மட்டும் தெரியாது. நான் சொல்ல வருவது இதுதான்: புது லேப்டாப் கேட்கிற நம்மில் பல பேருக்குத் தேவை ஒரு எஸ்.எஸ்.டி.யும் ஒரு ராமும் மட்டுமே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க். நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய டேட்டா ஹெட்டுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி செகண்ட் காத்திருக்கணும். ஹெட் சரியான ட்ராக்குக்கு நகர ஆகும் நேரம் தனி. ஆக, தட்டில் அங்கங்கே கிடக்கும் டேட்டாவை நொடிக்கு நூறு இடத்தில்கூடப் போய்ப் படிக்க முடியாது. பூட் ஆகும்போது விண்டோஸ் கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்குத் தட்டே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.கூட நொடிக்குப் பல ஆயிரம் இடங்களில் படித்துவிடும். நாம் திட்டித் தீர்த்த ப்ராசஸர் பாவம், இத்தனை நாளும் சும்மா காத்துக்கிடந்திருக்கிறது.

ராமும் இதோடு சேர்ந்த கதைதான். 4 ஜிபி நிறைந்துவிட்டால் ஓ.எஸ். கொஞ்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளும், கேட்கும்போது திரும்ப எடுக்கும். பேஜிங், படித்ததுதானே? அந்த டிஸ்க்கும் சுற்றுகிற டிஸ்க்காக இருந்தால் முடிஞ்சது. குரோமில் பத்து டேப் திறந்தாலே மவுஸ் நகராது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சி.பி.யு. 15 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றால் முதலில் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். நான் போன கடையில் 'மதர்போர்டு போச்சு தம்பி, புதுசு பாருங்க' என்றார்கள். போர்டு போயிருந்தால் அது எப்படி ஆன் ஆகிறது என்று கேட்க அப்போது எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் ஹாஸ்டல் சீனியர் அண்ணன் ஒருவர்தான் பின்மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். புது லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ராம் வாங்கும் முன் டி.டி.ஆர்.3ஆ, 4ஆ என்று பாருங்கள். லேப்டாப் ராமில் ஒன்றுக்கு 204 பின், மற்றதுக்கு 260. ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. நான் மாற்றி வாங்கிவிட்டு, திருப்பிக் கொடுக்க இரண்டு பஸ் ஏறினேன். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. விண்டோஸில் 238 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

எல்லா மெஷினையும் இப்படிக் காப்பாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே சால்டர் பண்ணிவிடுகிறார்கள். மாற்ற வழியே இல்லை. பெரிய சிமுலேஷன் ஓட்டுகிற மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நிஜமாகவே பெரிய மெஷின் வேணும். அப்படிப் புதுசு வாங்கினாலும் 'எவ்வளவு ஜிபி' என்பதோடு 'ராம் ஸ்லாட் இருக்கா' என்றும் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அதனால் பழசு குப்பை என்கிறார்கள். லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கி மாட்டினால் பேக்கப் டிரைவ் ரெடி. எஸ்.எஸ்.டி.யில் அழித்த ஃபைலை ட்ரிம் அநேகமாக மொத்தமாகத் துடைத்துவிடும், ரெகவரி சாஃப்ட்வேருக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை அங்கே மட்டும் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர் செட் இல்லையென்றால் எங்க ரூமுக்கு வாங்க, தர்றேன். வாரன்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க. கழற்றிய ஸ்க்ரூவை மட்டும் டீ கப்பில் போட்டு வைக்காதீங்க. போன மாசம் ஒருத்தன் கழுவி ஊத்திட்டான்.